மூடக் கூடாது

மடிக்கணினி நின்றுவிடவில்லையே என்று பார்க்க அவள் மறுபடியும் அறைக்குள் போனாள்.

நிற்கவில்லை.

கறுப்புத் திரை. மேல் மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு வந்து வந்து மறைந்தது. வேறு ஒன்றும் இல்லை. படம் இல்லை, பட்டன் இல்லை, தொட்டால் திறக்கிற எதுவும் இல்லை.

அவள் கணவன் தாமோதரன் அதை அப்படித்தான் வைத்திருந்தான். வேண்டாததை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டு, கட்டளை எழுதினால் மட்டும் பதில் சொல்கிற ஒன்றாக ஆக்கியிருந்தான். குறைவாக இருந்தால் குறைவாகப் பழுதாகும் என்பான். அவனும் கேட்டால்தான் பேசுவான்.

பழைய சாமான் கடையில் வாங்கியது. பேட்டரி உப்பிப்போய் அதைக் கழற்றி எறிந்து வெகு நாளாகிறது. பென்டிரைவ் செருகும் துளைகள் செத்துவிட்டன. சார்ஜர் முனை ஆடுவதால் வயருக்கு அடியில் ஒரு தீப்பெட்டியை முட்டுக் கொடுத்திருந்தான். அப்படியும் அதற்கு ஆயுசு கெட்டி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

கெட்டிதான்.

அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஆம்புலன்சில் ஏறினான். உயிரோடு திரும்பவில்லை. அது அங்கேயே கோட்டைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

முதல் இரண்டு நாள் அவளுக்கு அதைப் பார்க்கவே ஆத்திரமாக வந்தது. பிறகு பயம் வந்துவிட்டது. அது நின்றுபோனால் என்ன செய்வது என்று.

மகளின் முகம் அதற்குள் இருந்தது.

மகளைப் பெற்றபோது அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. அவள் எழுந்து உட்காரும் முன்பே குழந்தை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அது உயிரோடு கிடந்த சில நாட்களும் அவன் மட்டும்தான் பக்கத்தில் நின்றான். படம் எடுத்தான். காட்ட வந்தபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவன் வற்புறுத்தவில்லை. போனில் இல்லை, கணினியில் மட்டும் வைத்திருக்கிறேன், எப்போது தோன்றுகிறதோ அப்போது கேள் என்றான்.

அவள் கேட்கவில்லை. படம் எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டாள். அவன் எங்கே போய்விடப் போகிறான் என்றும்.

இப்போது பார்க்க வேண்டும். ஒரு தடவை போதும்.

அவனோடு வேலை பார்த்த ரியாஸ் ஓசூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். அவனிடம் மட்டும்தான் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அவன் போனில் திரும்பத் திரும்ப எச்சரித்தான். எதையும் அழுத்த வேண்டாம். மூடக் கூடாது, மூடினால் அணைந்துபோகும்படி அண்ணன் வைத்திருக்கிறார். அணைந்தால் கடவுச்சொல் கேட்கும். அது தெரியாவிட்டால் எந்தக் கடைக்காரனாலும் உள்ளே போக முடியாது.

வீட்டில் இருந்தவர்களிடம் அது ஆபீஸ் சாமான், தொடாதீர்கள் என்று மட்டும் சொன்னாள். குழந்தையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவளுக்கும் வாய் வரவில்லை.

கூடத்தில் அவன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. பதினாறாம் நாள் வரை அணையக் கூடாது என்று எண்ணெய் ஊற்ற ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்தார்கள். அறையைப் பார்த்துக்கொள்ள அவள் ஒருத்திதான்.

ரியாஸ் தொப்பூர் தாண்டிவிட்டான் என்று செய்தி வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் நிறைய ஆட்கள் துக்கம் கேட்க வந்து இறங்கினார்கள். பெண்கள் அவளை நடுவில் உட்காரவைத்துக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எழ முடியவில்லை. எழுந்தால் என்ன நினைப்பார்கள். அவளும் அழுதாள், அறைக் கதவைப் பார்த்தபடியே.

அவர்கள் காப்பி குடிக்க விலகியதும் உள்ளே ஓடினாள்.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாமோதரனைப் பெற்றவர். கணினி மூடியிருந்தது. அதன் மேல் அவர் கை இருந்தது.

“தொறந்தே கெடந்துச்சு கண்ணு. அவங் கண்ணையும் நாந்தான மூடுனேன்.”

கத்த வாயெடுத்தாள். அத்தையின் கை அந்த மூடியைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரியாஸ் வந்தான். விஷயம் தெரிந்ததும் அத்தை எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தான். திறந்து பட்டனை அழுத்தினான். கறுப்புத் திரையில் கடவுச்சொல் கேட்டு ஒரே ஒரு வரி வந்து நின்றது.

அவன் தாமோதரன் பெயரைத் தட்டினான். பிறந்த நாளைத் தட்டினான். கல்யாண நாள். அவள் பெயர். ஒவ்வொரு முறையும் அதே வரி திரும்ப வந்தது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்ப்பதைத் தவிர்த்தான்.

“பாப்பா பேரு போட்டுப் பாக்கலாமா அண்ணி? நெறையப் பேரு அதத்தான் வைப்பாங்க.”

பெயர் வைக்கவில்லை என்றாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. தாமோதரன் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நாள் முழுக்க நின்றிருக்கிறான். சும்மா நின்றிருக்க மாட்டான். ஏதோ சொல்லிக் கூப்பிட்டிருப்பான்.

என்னவென்று?

ரியாஸ் நாற்காலியை விட்டு எழுந்தான். அவள் உட்கார்ந்தாள்.

பெண் குழந்தைகளுக்கு வைக்கிற பெயர்களில் முதலில் நினைவுக்கு வந்ததைத் தட்டினாள்.