பூஜைக்குள் ஓடணும்

"நாளைக்கு ஆயுத பூஜை, பாய். அதுக்குள்ள இது ஓடியாகணும்!"

திருமுல்லைவாயிலில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இஸ்மாயில், போன வருஷச் சந்தனப் பொட்டு காய்ந்து கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"விண்டோஸ் தொண்ணூத்தெட்டா! புதுசு வாங்கிடுங்கம்மா."

"ஊஹூம். எங்க வீட்டுக்காரர் பேரு இதுக்குள்ள கீது. வருஷத்துல இந்த ஒரு நாள்தான் இதைப் போடுறது. அந்தப் பேரை நினைச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்ல" என்றாள் கமலம்.

இஸ்மாயிலின் குரல் இறங்கியது. "டிஸ்க்ல இருக்கிறதை காப்பி பண்ணித் தரட்டாம்மா?"

"காப்பி எதுக்கு? இதே மிஷின்ல பார்க்கணும். ஓடாம நான் நகர மாட்டேன்."

சுவிட்சைப் போட்டால் பீப் பீப் என்று கத்தியதே தவிர, திரை இருட்டாகவே இருந்தது. மூடியைத் திறந்த இஸ்மாயில் திகைத்தார்.

"மெமரியை யாரோ கழட்டிட்டாங்கம்மா. அது இல்லாம எப்படிக் கிளம்பும்?"

கமலம் விருட்டென்று போனை எடுத்தாள்.

"ஏங்க! கழட்டின மெமரியை மரியாதையா எடுத்துக்கினு கடைக்கு வாங்க. வெடிகுண்டு தேடுற கேம்ல இருபது வருஷமா உங்க பேருதான் முதல் இடத்துல கீது. நாளைக்கு நான் முந்திடுவேன்னு பயம்தானே?"