பருத்திப்பால்

காய்ச்சல் வந்து போனதிலிருந்து ஆறு மாதமாகக் கருணாம்பாளுக்கு நாக்கில் எந்த ருசியும் தெரியவில்லை. மதுரைச் சாப்பாட்டிலாவது திரும்பிவிடாதா என்று கணவர் நாச்சிமுத்து அவளைக் கோயம்புத்தூரிலிருந்து கூட்டி வந்திருந்தார். மகால் தூண்களை நின்று பார்க்கக்கூட அவருக்குப் பொறுமையில்லை. கறிதோசை, அயிரைமீன் குழம்பு, ஜிகர்தண்டா என்று கடை கடையாக இழுத்துப் போய், ஒவ்வொரு வாய்க்கும் அவள் முகத்தையே பார்த்தார்.

"தெரியுதா?"

"இல்லீங்க."

"சரி, எந்திரி. அடுத்த கடைக்குப் போலாம்."

மாசி வீதி முனையில் தள்ளுவண்டிக்காரர் பருத்திப்பால் கொடுத்தார். கால் வீங்கிப் போயிருந்த கருணாம்பாள் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, தெரியுதுங்க! நல்லா இனிக்குது."

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரமாகத் தன் தம்ளரை வாயில் வைத்தார். சப்பென்று இருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால், இரண்டு தம்ளரிலும் கருப்பட்டிப் பாகு ஊற்ற மறந்துவிட்ட வண்டிக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு கரண்டியைத் தூக்கினார். நாச்சிமுத்து வேண்டாமென்று தலையசைத்தார்.

"ஆமா கருணா, நல்ல தித்திப்பு," என்று சொல்லி, காலையிலிருந்து முதல்முறையாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.