கழுத்துக்குள் ஒரு கட்டைவிரல்

ஒரு கடைச் சுவரில் இரண்டு எலக்ட்ரிக் கிடார்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒன்று புத்தம் புதுசு. தலையில் தங்க எழுத்தில் கம்பெனி பேர் மின்னும். மற்றது எப்போதோ ஜப்பானிலிருந்து வந்த சிவப்புக் கிழம். பேர்த்தகடு விழுந்துபோய், தலையில் ஆணித் துளைகள்தான் மிச்சம்.

கடைக்காரர் இரண்டையும் படமெடுத்து இணையத்தில் போட்டார். சிவப்பைச் சீந்துவாரில்லை.

"பேரில்லாத உன்னை எதை நம்பி வாங்குவாங்க? ஏதாவது பெரிய பேரா ஸ்டிக்கர் ஒட்டிக்கோயேன்," என்றது புதுசு.

"வேண்டாம்ப்பா. கேட்கத் தெரிஞ்சவங்க கேட்பாங்க," என்றது சிவப்பு.

ஒருநாள் எங்கிருந்தோ ஒருவர் கேட்டார்: "சிவப்பு கிடாரோட கழுத்தைக் கழட்டி, அது உடம்புல உட்கார்ந்திருக்கிற குழியைப் படமெடுத்து அனுப்புங்க. எங்கே செஞ்சதுன்னு முத்திரை அங்கேதான் இருக்கும்."

புதுசு பதறியது. வாங்குவதற்கு முன்னாலேயே கழுத்தைக் கழற்றுவதா!

திருப்புளி திருகாணிகளைச் சுழற்றியது. கழுத்து தனியே வந்தது.

வெளியே வெளுத்துப் போயிருந்த சிவப்பு, வெயிலே படாத அந்தக் குழிக்குள் மாதுளை முத்தாக ஜொலித்தது. நடுவில் தொழிற்சாலை முத்திரை. பக்கத்திலேயே, சாயம் காயும் முன் யாரோ தொட்டுவிட்ட கட்டைவிரல் ரேகை, ஒரு கோடுகூட அழியாமல்.

புதுசு மெல்லக் கேட்டது: "யாரு இது?"

"என்னைச் செஞ்சவங்க. முகம் மறந்துபோச்சு. அந்தச் சூடு மட்டும் இருக்கு."

படம் போன கையோடு சிவப்பு விலைபோனது. பெட்டியில் ஏறிப் போய்விட்டது.

காலிக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்த புதுசு, கடைசியில் திருப்புளியைக் கூப்பிட்டது.

"அண்ணே, என்னையும் ஒரு தடவை கழட்டிப் பாருங்களேன். யாராவது தொட்டிருக்காங்களா?"