வாரம் இரண்டு பதில்

"அந்த ஆளைச் சும்மா விடாதீர்கள், லிண்டல்!" என்று லொரீன் விசைப்பலகையைக் குத்தித் தட்டச்சு செய்தாள். அவ்வளவு கோபம்.

நர்சிங் பட்டத்துக்கான ஆன்லைன் வகுப்பு அது. வாரம் ஒரு பதிவு எழுத வேண்டும். உடன் படிக்கும் இரண்டு பேருக்குப் பதிலும் எழுத வேண்டும், அதுவும் பாராட்டி. அடுத்தவரைப் பாராட்டுவது லொரீனுக்கு வேப்பங்காய். ஆனால் குடும்பப் பெயர் மட்டுமே தெரிந்த இந்த லிண்டல் மேல் அவளுக்கே தெரியாமல் ஒரு பாசம் வந்துவிட்டது.

"எங்கள் ஐ.சி.யூ.வில் ஒரு மூத்த ஆண் நர்ஸ். என் வளர்ச்சி அவருக்குப் பொறுக்கவில்லை. என்ன செய்யட்டும்?" என்று லிண்டல் கேட்டிருந்தார்.

லொரீனுக்குத் தன் கதையையே படித்தது போல இருந்தது. அமெரிக்காவின் டுலூத் நகர மருத்துவமனையில் வெறும் டிப்ளமோவோடு இருபத்திரண்டு வருடம் உழைத்தவள். வசந்தத்தில் தலைமை நர்ஸ் இடம் காலியாகிறது, அதற்குப் பட்டம் வேண்டும். தோற்றால் சிரிப்பார்களே என்று யாரிடமும் மூச்சு விடாமல், பழைய சான்றிதழில் இருந்த பிறந்த வீட்டுப் பெயரில், ஹால்வர்சன் என்று சேர்ந்திருந்தாள்.

குறுக்கே வந்து நின்றவள் அதே வார்டின் புது நர்ஸ் பர்டி. வந்து எட்டே மாதம். அதற்குள் நோயாளிகள் எல்லாம் "பர்டி எங்கே?" என்று கேட்கிறார்கள். லொரீனுக்கு வயிறு எரிந்தது.

அன்று காலை ஓய்வறையில் பர்டி கொண்டுவந்த எலுமிச்சை கேக் துண்டுகள் மளமளவென்று தீர்ந்துகொண்டிருந்தன.

"சர்க்கரையை அள்ளிக் கொட்டினா யார் சுட்டாலும் இனிக்கும்," என்றாள் லொரீன்.

"நீங்களும் ஒண்ணு எடுத்துக்கோங்க, லொரீன்."

"எனக்கு இனிப்பு ஆகாது."

"நேத்து ரெண்டு டோனட் உள்ள போச்சே!" என்றாள் மேலாளர் மார்ஷா. எல்லாரும் சிரித்தார்கள். பர்டியும் சிரித்தாள், அதைத்தான் லொரீனால் மன்னிக்க முடியவில்லை.

வகுப்பில் யாரும் உள்ளதை உள்ளபடி எழுத முடியாது. மருத்துவமனை ரகசியம் காக்கும் சட்டம் அப்படி. வார்டை மாற்ற வேண்டும், வயதை மாற்ற வேண்டும். லொரீனே போன வாரம் பர்டியை வழுக்கைத் தலையர் ஒருவராக்கித் திட்டித் தீர்த்திருந்தாள்.

இப்போது அந்த வேகத்தில் லிண்டலுக்கு எழுதினாள். "உங்கள் பதிவு என் மனதைத் தொட்டது. நடப்பதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். சாட்சி சேருங்கள். நேராக மேலாளரிடம் கொடுங்கள். இரக்கம் பார்க்காதீர்கள், பொறாமை பிடித்தவர்கள் வார்டுக்கே சாபம்."

பேராசிரியர் பத்துக்குப் பத்து போட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மார்ஷா கூப்பிட்டனுப்பினாள். தலைமை நர்ஸ் விஷயம்தான் என்று லொரீன் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு போனாள். உள்ளே பர்டி உட்கார்ந்திருந்தாள்.

"இவ எதுக்கு இங்க?"

"உட்காரு, லொரீன்," என்று மார்ஷா ஒரு தாளை எடுத்தாள். "டிசம்பர் மூணு: பர்டிக்கு வந்த போன் தகவலை நீ சொல்லவே இல்ல. ஒன்பது: கஷ்டமான நோயாளிங்க அத்தனை பேரையும் அவ தலையில கட்டின. பதினாலு: லீவு தாள்ல இருந்த அவ பேரை அழிச்சிருக்க. எல்லாத்துக்கும் சாட்சி இருக்கு. மறுக்கிறியா?"

லொரீன் மறுக்காமல் கேட்டாள்: "தலைமை நர்ஸ் இடம்...?"

"அதை மறந்துடு. திங்கட்கிழமையில இருந்து உனக்கு வேற வார்டு."

இருபத்திரண்டு வருடம் ஒரு தாளில் போயிற்று. லொரீன் பர்டி பக்கம் திரும்பினாள். "பூனை மாதிரி இருந்துக்கிட்டு... தேதி, சாட்சின்னு இதெல்லாம் உனக்கு யாருடி சொல்லிக் கொடுத்தது?"

பர்டிக்குக் கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே வருத்தம்தான்.

"என்கூட ஆன்லைன்ல படிக்கிறாங்களே, ஹால்வர்சன்... அவங்கதான்."