கூரை போட்ட வீடு

"சமையலறைய வாசலுக்கு நேரே வெச்ச ஆள்ற மூளைய ஒருக்காத் தொட்டுப் பாக்கணும் மச்சான்."

ஹெட்செட்டின் மைக்கில் றிஸ்னா சொன்னாள். கணினித் திரையில், செம்மண் கோள் ஒன்றின் மேட்டில், விண்வெளி உடுப்புப் போட்ட உருவம் ஒன்று பேசாமல் சுவர் வைத்துக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேல் இர்ஷாத்தின் பெயர் மினுங்கியது. இர்ஷாத் அவளுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளை.

அந்த விளையாட்டில் ஒரு கோளில் எதை விட்டுவந்தாலும் அழியாது. பிறகு யார் வந்து இறங்கினாலும் அங்கேயே நிற்கும். இருவரும் போன கோள்களில் எல்லாம் பெயர்ப்பலகை நட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். இந்தக் கோளில் மட்டும், போன வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு வீடே எழும்புகிறது. கேட்டால், கடையில் வேலை, விளையாட நேரமில்லை என்று இர்ஷாத் போனில் சாதிக்கிறான். கள்ளன், தன்னை அசத்தப் பார்க்கிறான் என்று அவள் சிரித்துக்கொண்டாள்.

காத்தான்குடியில் அவளுடைய சீதன வீடு வெறும் சுவரோடு நிற்கிறது. வாப்பா கூரை மரத்துக்கு அலைந்து திரிகிறார். கூரை ஏறாமல் கலியாணத்துக்கு நாள் குறிக்க முடியாது என்று இர்ஷாத்தின் தாய் ஹவ்வா உம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். இன்னும் இழுபட்டால் சம்பந்தமே முறிந்துவிடுமோ என்று றிஸ்னாவுக்கு உள்ளூரப் பயம். பயம் வந்தால் அவளுக்குக் கேலிதான் வாயில் வரும்.

உருவம் சமையலறையைப் பெயர்த்துப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தது.

"சொன்னாக் கேக்கிற மாப்புள," என்றாள்.

குளிக்கிற தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஆளுயர மறைப்பும் கட்டியிருந்தது. பெண்களின் கஷ்டம் எப்போது விளங்கியது என்று சீண்டிப் பார்த்தாள். உருவம் கூரையின் கடைசித் தகட்டைப் பொருத்தியது.

"கூரையும் போட்டாச்சு. உங்கட உம்மாவக் கூட்டி வந்து காட்டுங்க. இதுக்குப் பிறகும் நாள் குறிக்காட்டி, மாமிய இந்தக் கோள்லயே உட்டுட்டு வந்துருவம்."

உருவம் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தது. அந்த நேரம் கைபேசி அடித்தது. இர்ஷாத்.

"றிஸ்னா, நான் ஓட்டமாவடியில சாமான் எறக்கிட்டு நிக்கன். இண்டைக்கும் விளையாட ஏலா."

திரையில் அந்த உருவத்தின் தலைக்கு மேல் இர்ஷாத்தின் பெயர் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. ஹெட்செட்டுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"பேசுற பட்டன் இப்பதான் என்ட கையில பட்ட மகள்," என்றது ஹவ்வா உம்மாவின் குரல். "ஊட்டுக் கூரைய வாப்பா ஆறுதலாப் போடட்டும், இந்தக் கூரைய மகன்ட பேருல நானே போட்டுட்டன். நாளப் பாக்கச் சொல்லுங்க. என்னய மட்டும் இங்க உட்டுட்டுப் போயிராதீங்க."