எழும்பாத கும்பகர்ணன்

“2012 நவம்பர் 13. இன்று ஒரு சின்னப் பிழை விட்டேன், பட்டப்பெயர்ச் சீட்டை உரிக்காமல் போனை அதன் சொந்தக்காரியிடமே நீட்டிவிட்டேன்” என்று மாலை வகுப்பில் இருந்தபடி நாட்குறிப்பில் எழுதும் மிருணாளினி, ‘சின்ன’ என்பதை வெட்டுகிறாள். பகலில் கடையில் நடந்த காட்சி கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் அவள் வேலை பார்க்கும் போன் திருத்தும் கடை. தானாக அலறுவது நாரதர், எவ்வளவு அழுத்தினாலும் உயிர் வராதது கும்பகர்ணன் என்று பழுதான போன்களுக்கு முதலாளி அரியரத்தினம் பெயர் ஒட்டுவார். விளக்கு வெளிச்சம் கண்ணாடி மேசையில் வெள்ளையாக விழுகிறது. போனின் சொந்தக்காரி புனிதவதி சீட்டை வாசித்துச் சிரிக்கிறாள்.

“கும்பகர்ணனோ? நல்ல பேர். அவனும் கடைசியிலை எழும்பினவன்தானே, பிள்ளை?”

“மூண்டு நாளாப் பாத்தாச்சு அக்கா. இது எழும்புதில்லை.”

சிரிப்பு வாயிலேயே நின்றுவிடுகிறது. “தம்பி ஊரிலையிருந்து இஞ்சை வாற வழியிலை எங்கையோ நிக்கிறான். அவன்ரை புது நம்பர் இதுக்குள்ளை மட்டும்தான் கிடக்கு. நான்தான் அவனுக்குக் கோல் எடுக்கோணும்.”

அரியரத்தினம் துடைத்த திருப்புளியையே திரும்பவும் துடைக்கிறார். புனிதவதி பொத்தானைப் பெருவிரலால் அழுத்திப் பிடிக்கிறாள். கறுப்புத் திரையில் அவள் முகம்தான் தெரிகிறது. வெளியே மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் கடக்க, மேசைக் கண்ணாடி அதிர்கிறது. அவள் விரலை எடுக்கவில்லை.

மிருணாளினி அடுத்த வரியை எழுதுகிறாள்: “நாளை: சென் தெனிச் சந்தைக்குப் போய், இதே மாதிரிப் பழைய போன் ஒன்று தேடி, அதன் பாகத்தை எடுத்துக் கும்பகர்ணனுக்குப் போட வேண்டும்.”