படம் ஓடணும்

“படத்தை நிறுத்துடா!”

காரைக்கால் தியேட்டரில் தரை டிக்கெட் முழுக்க எழுந்துவிட்டது. திரையில், செத்துப்போன அப்பாவுக்குப் பதிலாக வேறொரு கிழவரைப் பிரெஞ்சு பென்ஷன் ஆபீசுக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தான் மகன்.

“பிரெஞ்சு பென்ஷன் வாங்குற எங்க குடும்பங்களைக் கேவலப்படுத்துறான்!” என்று ஒருவர் கல்லை எடுத்தார்.

குரும்பகரத்து விவசாயி நீலகண்டன் திரைக்குக் குறுக்கே போய் நின்றார். “சிரிக்கத்தானேய்யா எடுத்திருக்கான்! சாவுன்னா சிரிக்கக் கூடாதா? பிடிக்கலைன்னா வெளியே போங்க. படம் ஓடணும்.”

“உனக்கென்னய்யா அவ்வளவு அக்கறை?” சட்டையைப் பிடித்து உலுக்கினார்கள். பொத்தான் தெறித்தது. அவர் நகரவில்லை. படம் கடைசிவரை ஓடியது.

அவரோடு படத்துக்கு வந்த மார்த் வெளியே அவரை ஓரமாக இழுத்தாள். “ஊரே பார்க்குது. ஏன் இப்படி வம்புக்குப் போனீங்க?”

“அந்தக் கிழவன் எப்படி மாட்டுறான்னு பார்க்கணுமேம்மா. அதிகாரி செத்தவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாரு, அவன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கான், மடையன்! நாளைக்கு அந்த ஆபீஸ்ல நான்தானே செத்துப்போன உங்கப்பா லூசியன்?”

அவர் முன்னால் நடந்தார். மார்த் பின்தங்கி, அதிகாரி மாதிரியே கூப்பிட்டுப் பார்த்தாள்.

“முசியே லூசியன்!”

நீலகண்டன் நடந்துகொண்டே இருந்தார்.